நீர்ப்பறவையை வேறு ஏரிக்கு மாற்றலாமா? முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

போன கோடையில் எங்கள் பறவை பார்க்கும் குழுவுக்கு இரண்டு படங்கள் வந்தன. முதல் படத்தில் ஒரு நீர்த்தேக்கத்தின் நடுவே மண் திட்டு, அதன்மேல் ஆற்று ஆலா என்ற நீர்ப்பறவையின் முட்டைகள். அடுத்த நாள் எடுத்த படத்தில் திட்டே இல்லை, தண்ணீர் மட்டும். அரை மணி நேரத்துக்குள் பத்துப் பேர் ஒரே யோசனையைச் சொல்லிவிட்டார்கள்: அடுத்த வருஷம் முட்டையையோ குஞ்சையோ எடுத்து வந்து நம்ம சேலத்து மூக்கனேரி ஏரித் திட்டில் வைத்துவிடலாம். எனக்கும் அப்போது அது சரியென்றுதான் பட்டது. மனசு பதறும்போது கை தானாக நீளும். அதன்பிறகு உட்கார்ந்து படித்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும், ஏரிக்கரைகளில் நடந்தும் பார்த்ததில், பறவையைத் தொடுவதற்கு முன் நமக்கு நாமே கேட்க வேண்டிய கேள்விகள் ஏராளம் என்று புரிந்தது. அவற்றைச் சேலத்து நீர்நிலைகளை வைத்தே எழுதுகிறேன். உங்கள் ஊரில் பறவையும் குளமும் வேறாக இருக்கும், யோசிக்கும் முறை ஒன்றுதான்.

அடிபட்ட ஒரு கொக்கை வனத்துறையிடம் ஒப்படைப்பதைப் பற்றி இங்கே பேசவில்லை. ஓர் இனமே குறைந்துவரும்போது அதைக் காப்பாற்ற ஒரு கூட்டத்தை இன்னோர் இடத்தில் குடியமர்த்தும் வேலையைப் பற்றிப் பேசுகிறேன். இதற்கு ஐயூசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2013ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. பறவை முன்பு வாழ்ந்து அழிந்துபோன இடத்தில் திரும்ப விடுவது ஒன்று, இப்போதும் கொஞ்சம் இருக்கும் இடத்தில் எண்ணிக்கையைக் கூட்டுவது ஒன்று, அது ஒருபோதும் வாழாத புது இடத்தில் கொண்டுபோய் விடுவது ஒன்று என்று அது பிரித்துச் சொல்கிறது. கடைசி வகைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நீங்கள் நினைப்பது இதில் எந்த வகை என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எங்கள் குழுவில் அந்த யோசனையைச் சொன்ன யாருக்கும், மூக்கனேரியில் ஆற்று ஆலா எப்போதாவது கூடு கட்டியதா என்று அன்றைக்குத் தெரியாது, எனக்கும் சேர்த்துத்தான்.

உண்மையிலேயே குறைகிறதா, இடம்தான் மாறியிருக்கிறதா?

நீர்ப்பறவைகள் தண்ணீரைத் தேடிப் போகிறவை. கூழைக்கடாவோ சங்குவளை நாரையோ இந்த வருஷம் ஓர் ஏரிக்கு வரவில்லை என்றால் அது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, மழை எங்கே நன்றாகப் பெய்ததோ அங்கே போயிருக்கும். ஆகவே ஓர் ஏரியின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. கன்னங்குறிச்சி, பனமரத்துப்பட்டி, மேட்டூர் என்று ஒரே காலையில் ஆள் பிரித்துப்போய் எண்ண வேண்டும். 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ரொம்பப் பயனுள்ளது, ஆனால் அது குளிர்காலத்தின் ஒரு கணம்தான். ஆற்று ஆலா மார்ச் முதல் மே வரை முட்டையிடும் பறவை, ஜனவரிக் கணக்கில் அதன் கூடுகள் தெரியாது. எத்தனை பறவை பறந்தது என்பதைவிட எத்தனை கூடு இருந்தது, எத்தனை முட்டை பொரிந்தது, எத்தனை குஞ்சு பறந்து போனது என்ற மூன்றும் தெரிந்தால்தான் நோய் எங்கே என்று பிடிபடும். என் கருத்தில் குறைந்தது மூன்று கோடைகளின் குறிப்பாவது கையில் இல்லாமல் இடமாற்றம் என்ற சொல்லையே எடுக்கக்கூடாது.

எதனால் குறைகிறது?

இந்தக் கேள்வியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், நிறையப் பேர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

ஆற்று ஆலாவையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் அலகு, கறுப்புத் தொப்பி, ஆழமாகப் பிளந்த வால், தண்ணீருக்குள் பாய்ந்து சின்ன மீனைக் கவ்வும் பறவை. ஐயூசிஎன் பட்டியலில் இப்போது அழிவாய்ப்புள்ள இனமாக இருக்கிறது. மரத்தில் கூடு கட்டாது. ஆற்றிலோ நீர்த்தேக்கத்திலோ நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த வெட்டவெளித் திட்டில், கூடு என்று சொல்லவே முடியாத சின்னக் குழியில், இரண்டு மூன்று முட்டை இட்டு அடைகாக்கும். அதன் வாழ்வும் சாவும் தண்ணீர் மட்டத்தில்தான் இருக்கிறது. மட்டம் ஏறினால் முட்டை மூழ்கும், அது எல்லோருக்கும் தெரியும். மட்டம் இறங்கினாலும் கேடுதான் என்பதை எனக்குச் சொன்னவர் மேட்டூர்ப் பக்கம் பரிசல் ஓட்டும் ஒரு பெரியவர். "தண்ணி இறங்குச்சுன்னா திட்டு கரையோட ஒட்டிக்கும் தம்பி, அப்புறம் நாய்க்கு நீச்சல் தெரியணும்னு இல்ல, நடந்தே போயிரும்" என்றார். நாய் மட்டுமா, ஆடு மேயப் போகும், பின்னாலேயே மேய்ப்பவரும் போவார், பறவைகள் எழுந்தவுடன் காக்கை இறங்கும்.

மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. வழக்கமாக ஜூன் 12 அன்று டெல்டாவுக்குத் தண்ணீர் திறந்து, ஜனவரி 28 அன்று மூடுவார்கள். தினசரி நீர்மட்டம் செய்தித்தாளிலேயே வருகிறது. அதை உங்கள் பறவைக் குறிப்பேட்டில் தேதிவாரியாகக் குறித்துக்கொண்டே வந்தால், எந்த மட்டத்தில் எந்தத் திட்டு தலைகாட்டுகிறது, எந்த மட்டத்தில் அது கரையோடு சேர்கிறது என்று இரண்டு வருஷத்தில் தெரிந்துவிடும். பைசா செலவில்லாத ஆராய்ச்சி இது.

சாவு எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்றும் பிரித்துப் பாருங்கள். முட்டை போகிறதா, குஞ்சு போகிறதா, வளர்ந்த பறவையே வலையில் சிக்கியோ விஷத்தாலோ சாகிறதா? முட்டை போனால் கூடு இருக்கும் இடத்தைக் காக்க வேண்டும். வளர்ந்த பறவை சாகிறது என்றால் இரை தேடும் இடத்தில் கோளாறு. அந்தக் கோளாறு புது ஏரியிலும் இருந்தால், பறவையைக் கொண்டுபோய் அதே சாவுக்குக் கொடுத்த கதைதான்.

பறவையை விட்டுவிட்டு இடத்தைச் சரிசெய்ய முடியாதா?

காரணம் தெரிந்துவிட்டது என்றால், பாதி நேரம் இடமாற்றமே தேவைப்படாது. முட்டை மூழ்குகிறதா, சரளை பரப்பிய மிதவையைக் கட்டிவிடலாம், தண்ணீரோடு சேர்ந்து அதுவும் ஏறும். ஐரோப்பாவில் இப்படிப்பட்ட மிதவைகளில் ஆலா இனங்கள் பல வருஷமாகக் கூடு வைத்துவருகின்றன. நாய் நடந்து போகிறதா, கரையோடு ஒட்டும் அந்தக் கழுத்துப் பகுதியில் மூன்று மாதத்துக்கு ஒரு வேலியும் ஓர் ஆளும் போதும்.

அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றில் நடந்ததைப் படித்தபோதுதான் எனக்கு இந்த விஷயம் உறைத்தது. அங்கே ரைஸ் ஐலண்டு என்ற தீவில் ஆயிரக்கணக்கான ஜோடி காஸ்பியன் ஆலாக்கள் இருந்தன. கடலுக்குப் போகும் சால்மன் குஞ்சுகளை அவை அதிகமாகத் தின்கின்றன என்பதால் வேறு இடத்துக்கு நகர்த்த நினைத்தார்கள். ஒரு பறவையைக்கூடப் பிடிக்கவில்லை. கடலுக்குப் பக்கத்தில், சுமார் 25 கிலோமீட்டர் கீழே இருந்த இன்னொரு தீவில் செடிகொடிகளை அகற்றி வெறும் மணல் பரப்பாக்கி, ஆலா பொம்மைகளை நட்டு, அதன் குரலை ஒலிபெருக்கியில் விட்டார்கள், பழைய தீவில் கூடு வைக்க முடியாதபடி செடி வளர்த்தார்கள். 1999இல் ஆரம்பித்தது, 2001க்குள் அங்கிருந்த ஆலாக்கள் முழுக்க இடம் மாறிவிட்டன. சீனக் கொண்டை ஆலா அதைவிடப் பரிதாபமான நிலையில் இருந்த பறவை, உலகம் முழுக்க ஐம்பதுகூட இல்லை என்று நினைத்தார்கள். 2013இல் சீனாவின் ஜேஜியாங் கடலோரத் தீவு ஒன்றில் இதே பொம்மை, இதே ஒலி. பெரிய கொண்டை ஆலாக்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின, அவற்றோடு இதுவும் வந்து குஞ்சு பொரித்தது.

சிறகுள்ள பறவைக்கு நாம் வண்டி பிடிக்கத் தேவையில்லை. நல்ல இடத்தைச் செய்து கொடுத்து, இங்கே உன் இனம் இருக்கிறது என்று காட்டினால் அதுவே வரும். கூட்டமாகக் கூடு வைக்கும் பறவை எதுவானாலும் முதலில் இதைச் செய்து பாருங்கள், இது தோற்ற பிறகு மற்றதை யோசிக்கலாம்.

புது இடம் பறவைக்கு ஏற்றதா?

மூக்கனேரிக்கே வருவோம். 2010 வாக்கில் பொதுமக்கள் சேர்ந்து அந்த ஏரியைத் தூர்வாரி, அள்ளிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். அருமையான வேலை, இன்றைக்கும் அந்தக் கரையில் நிற்கும்போது நெஞ்சு நிறைகிறது. நீர்க்காகமும் கொக்கும் மடையானும் அடைய அந்த மரங்கள் ஏற்றவை. ஆனால் ஆற்று ஆலாவுக்கு வேண்டியது மரமில்லாத மொட்டைத் திட்டு. மரம் இருந்தால் காக்கையும் பருந்தும் மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும், முட்டை மிஞ்சாது. ஒரு பறவைக்குச் சொர்க்கமாக இருக்கும் இடம் இன்னொன்றுக்குப் பொறி. எங்கள் குழுவின் யோசனை இந்த ஓர் இடத்திலேயே விழுந்துவிட்டது.

இன்னொருவர் ஏற்காடு ஏரியைச் சொன்னார். மலை, குளிர்ச்சி, பசுமை, நமக்குப் பிடிக்கும். ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில், சுற்றிலும் கடைகளும் நடுவில் படகுகளும் உள்ள அந்தச் சின்ன ஏரியில் சமவெளி ஆற்றுப் பறவை என்ன செய்யும்? நமக்கு அழகாகத் தெரிவது பறவைக்கு வீடாகிவிடாது. பனமரத்துப்பட்டி ஏரி பெரியது, ஒரு காலத்தில் சேலத்துக்கே குடிதண்ணீர் தந்தது, ஆனால் பல வருஷம் வறண்டு சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த ஏரி அது. நிறைந்த வருஷத்தில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் அடுத்த வறட்சியில் பறவைகள் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும்.

ஆகவே புது இடத்தை ஒரு முழு வருஷம், முடிந்தால் ஒரு மோசமான வருஷத்தையும் சேர்த்துப் பாருங்கள். மதகுச் சுவரில் பெயின்டில் அடி அளவு குறித்துவிட்டுப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அதே கல்லின் மேல் நின்று படம் எடுங்கள். மீன் குத்தகை எடுத்தவரிடம் என்ன குஞ்சு விடுகிறார், எந்த மாதம் வலை இழுக்கிறார் என்று கேளுங்கள். ஏரி நிறைய ஜிலேபிக் கெண்டை இருக்கிறது என்பது போதாது, உங்கள் பறவையின் வாய்க்கு அடங்கும் அளவு மீன், குஞ்சு வளரும் அந்த நாலைந்து வாரத்தில், அது எட்டும் ஆழத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. ஆகாயத்தாமரை மூடியிருந்தால் பாய்ந்து மீன் பிடிக்கும் பறவைக்கு அந்த ஏரி இருந்தும் இல்லாததுதான். அப்புறம் மேலே இருந்து வரும் வாய்க்காலில் ஏறி நடந்து பாருங்கள். சாயப்பட்டறைக் கழிவோ சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவோ கலக்கிறதா என்று மூக்கே சொல்லிவிடும், ஆனால் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்த தாளும் வேண்டும்.

பறவை இப்போது இருக்கும் இடம்தான் அதற்குச் சிறந்த இடம் என்றும் நம்பிவிடாதீர்கள். மடகாஸ்கர் பொச்சார்டு என்ற வாத்து அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். 2006இல் ஓர் ஒதுக்குப்புற ஏரியில் திரும்பக் கண்டுபிடித்தார்கள். கவனித்துப் பார்த்தால் அந்த ஏரியில் இரை போதாமல் குஞ்சுகள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தன. மற்ற ஏரிகளிலிருந்து விரட்டப்பட்டுக் கடைசியாக ஒட்டிக்கொண்ட மூலைதான் அது. அதனால் கூண்டில் வளர்த்து, சோஃபியா என்ற இன்னோர் ஏரியைச் சுற்றியுள்ள மக்களோடு முன்கூட்டியே வேலை செய்து, 2018இல் 21 வாத்துகளை அங்கே விட்டார்கள். இடமாற்றம் நியாயமான இடம் இதுதான்: இருக்கும் இடத்தைச் சரிசெய்ய வழியே இல்லை, மொத்த இனமும் ஒரே ஏரியில், போக வேறு இடமும் அதற்குத் தெரியவில்லை. நம் ஆற்று ஆலா இந்தியாவில் பல ஆறுகளில் இருக்கிறது. அந்த நிலைக்கு அது வரவில்லை.

எங்கிருந்து, எதை எடுப்பது?

எடுக்கும் இடத்தில் கூட்டம் சிதைந்தால் இடமாற்றத்தின் பெயரில் ஒரு கூட்டத்தை நாமே அழித்ததாகிவிடும். பத்து ஜோடி உள்ள கூட்டத்திலிருந்து ஐந்து ஜோடியின் குஞ்சுகளை எடுத்தால் அந்த வருஷ விளைச்சலில் பாதி போச்சு. வட அமெரிக்காவின் ஊப்பிங் கொக்கு இரண்டு முட்டை இட்டாலும் பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் வளரும். அதனால் 1967 முதல் ஒரு முட்டையை மட்டும் எடுத்தார்கள், கூட்டுக்கு ஒன்று மிச்சம். இப்படி எடுத்தாலும் குறையாத உபரி உங்கள் பறவையில் எது என்று தெரியவில்லை என்றால் கை வைக்காதீர்கள்.

வளர்ந்த பறவையைப் பிடித்து விட்டால் பெரும்பாலும் பழைய இடத்துக்கே பறந்து போய்விடும். குஞ்சாக எடுத்தால் எங்கே பறக்கக் கற்றதோ அதையே ஊராக நினைக்கும். ஜப்பானில் டோரிஷிமா என்ற எரிமலைத் தீவில் கூடு வைத்த குட்டைவால் ஆல்பட்ராஸ்களுக்கு இதைத்தான் செய்தார்கள்: 2008 முதல் 2012 வரை 70 குஞ்சுகளை 350 கிலோமீட்டர் தள்ளி முகோஜிமா தீவுக்குக் கொண்டுபோய்க் கையால் ஊட்டி வளர்த்தார்கள். அந்த ஊட்டலுக்கு எத்தனை ஆள், எத்தனை மாதம், மீனுக்கு எவ்வளவு பணம் என்று கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள். வளர்ப்பதிலும் பிசகக்கூடாது. 1975 முதல் ஐடஹோவில் ஊப்பிங் கொக்கின் முட்டைகளை வேறொரு கொக்கின் கூட்டில் வைத்துப் பார்த்தார்கள். குஞ்சு வளர்ந்தது, பறந்தது, வலசையும் போனது, ஆனால் தன் இனத்தோடு ஜோடி சேரவில்லை, வளர்த்த இனத்தையே தன் இனமாக நினைத்துக்கொண்டது. அந்த முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று.

நோய், சட்டம், ஊர்

நோய் விஷயம் நம் பக்கத்தில் கூடுதல் கவனம் கேட்கிறது. பக்கத்து மாவட்டம் நாமக்கல், கோழிப்பண்ணைகளின் ஊர். வெள்ளைக்கழிச்சலோ பறவைக்காய்ச்சலோ பண்ணையிலிருந்து காட்டுப் பறவைக்கும் காட்டுப் பறவையிலிருந்து பண்ணைக்கும் போகலாம். கால்நடை மருத்துவர் பரிசோதித்து, தனியே வைத்துப் பார்த்த பிறகே எந்தப் பறவையும் நகர வேண்டும். புது இடத்தின் சேற்றிலேயே ஆபத்து காத்திருக்கலாம்: ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் லேசான் என்ற வாத்தினத்தில் 42ஐ 2004, 2005இல் மிட்வே தீவுக்கு மாற்றினார்கள், நன்றாகப் பெருகின, 2008இல் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வந்து நூற்றுக்கும் மேல் செத்தன.

சட்டம் சுருக்கமானது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டைக்குள்தான் வருகிறது. வேறு தகுந்த வாழிடத்துக்கு மாற்றுவதற்கு 12ஆம் பிரிவில் வழி இருக்கிறது, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும், சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புள்ள பட்டியலில், இருக்கும் விலங்கென்றால் மத்திய அரசின் முன் அனுமதியும். நல்லெண்ணத்தில் கூடையில் தூக்கி வந்தாலும் குற்றம் குற்றமே.

அனுமதித் தாளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஊர். வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் நிலைத்து நிற்பதற்கு அந்த ஊர்க்காரர்கள் பறவையைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்ததுதான் காரணம். புது ஏரியின் கரையில் இருப்பவர்களிடம் நீங்கள் போய் முதலில் கேளுங்கள், அதிகாரிகளோடு ஜீப்பில் போகாமல் ஒரு சாயங்காலம் சும்மா போய் டீக்கடையில் உட்காருங்கள். மீன் குத்தகைக்காரருக்கு இழப்பு வருமா, வண்டல் எடுக்க வரும் விவசாயிக்குத் தடை வருமா, தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கக்கூடாதா என்று அவர்கள் கேட்பார்கள். பதில் இல்லாமல் பறவையைக் கொண்டுபோகாதீர்கள்.

எப்போது நிறுத்துவது?

இதை ஆரம்பிக்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் பணமும் பாசமும் போட்ட பிறகு நிறுத்த மனசு வராது. எத்தனை பறவையை விட்டோம் என்பது வெற்றி ஆகாது. விட்ட பறவை அங்கேயே ஜோடி சேர்ந்து, அதன் குஞ்சு பறந்து, அந்தக் குஞ்சும் திரும்பி வந்து கூடு வைக்க வேண்டும். ஜப்பானின் சாடோ தீவில் 2008இல் கொண்டை அரிவாள் மூக்கன்களை விட்டார்கள், இயற்கையில் பொரித்த குஞ்சு பறந்ததைப் பார்க்க 2012 வரை காத்திருந்தார்கள், இடையில் விவசாயிகள் பூச்சிமருந்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஆகவே உங்கள் தாளில் இப்படி எழுதுங்கள்: இத்தனை வருஷம் பார்ப்போம், இத்தனையாவது வருஷத்தில் ஒரு குஞ்சும் பறக்கவில்லை என்றால் புதிதாக எடுப்பதை நிறுத்துவோம், எடுக்கும் கூட்டம் இத்தனை ஜோடிக்குக் கீழே போனால் அன்றைக்கே நிறுத்துவோம். கையெழுத்துப் போட்டு எல்லோரிடமும் ஒரு பிரதி.

எங்கள் குழு இப்போது முதல் கேள்வியிலேயே நிற்கிறது. மார்ச் முதல் வாரத்திலிருந்து மே கடைசி வரை பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மேட்டூருக்குப் போவதாக முடிவு. வர நினைப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: திட்டில் கால் வைக்கக்கூடாது, முட்டை கூழாங்கல் மாதிரியே இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். பரிசலைத் தூரத்திலேயே நிறுத்தி இருநோக்கியில் பாருங்கள். பறவைகள் எழுந்து தலைக்கு மேல் கத்த ஆரம்பித்தால் உடனே பின்வாங்குங்கள், சித்திரை வெயிலில் நிழல் இல்லாமல் கொஞ்ச நேரம் கிடந்தாலே முட்டை வெந்துவிடும். காலை ஆறரைக்குக் கரையில் இருந்தால் வெயில் ஏறுவதற்குள் எண்ணி முடித்துவிடலாம்.